தூர்தர்ஷன் மட்டுமே இருந்த காலம்: அது எப்படி நாடு முழுக்கப் பரவியது, நம் பக்கம் ஏன் அவ்வளவு சீக்கிரம் விட்டுப்போனது?

பூங்குன்றன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 26 வயது. எனக்கு விவரம் தெரிந்தபோதே வீட்டில் கேபிள் இருந்தது, ரிமோட்டை அமுக்கினால் சேனல் மாறிக்கொண்டே போகும். போன வாரம் தாத்தா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யும்போது நீளமான அலுமினியக் குழாய் ஒன்றும் அதில் குறுக்கே குறுக்கே கம்பிகளும் கிடைத்தன. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா என்று கேட்டேன். "டேய், அது கொடைக்கானல் ஆன்டெனா, தொடாதே" என்று அப்பா கிட்டத்தட்ட அதட்டினார். அப்புறம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார், வெள்ளிக்கிழமை ராத்திரி, ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவே காலியாக இருந்தது, அது இது என்று. அப்பா எதைப் பற்றியும் இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததில்லை.

அதிலிருந்து எனக்கு மூன்று விஷயம் புரியவில்லை, இங்கே அந்தக் காலத்தைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள் என்பதால் கேட்கிறேன். 1959-இல் தில்லியில் தொடங்கிய தூர்தர்ஷன் சென்னைக்கு வர 1975 ஆகியிருக்கிறது, அதாவது பதினாறு வருடம். ஆனால் 80-களின் கடைசியில் கிராமம் வரை வந்துவிட்டது என்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது? இரண்டாவது, மக்கள் அதை அவ்வளவு விரும்பியது நிகழ்ச்சி நன்றாக இருந்ததாலா, இல்லை வேறு எதுவும் இல்லாததாலா? மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். வட இந்திய நண்பர்கள் வீட்டில் தூர்தர்ஷனைப் பற்றிப் பேசும்போது ஏதோ சொந்தக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறார்கள். நம் வீடுகளில் அந்த ஒட்டுதல் ஒரு சில நிகழ்ச்சிகளோடு நின்றுவிடுகிறது. ஏன்?

கோவில்பட்டி மெக்கானிக்:

தம்பி, அப்பா சொன்னது சரி, அந்த ஆன்டெனாவைப் போட்டுவிடாதீர்கள். நான் 1983-இலிருந்து ரேடியோ, டிவி ரிப்பேர் வேலை பார்த்தவன், எங்கள் சுற்று வட்டாரத்தில் மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி இறங்கியவன் என்பதால் உங்கள் முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

தொடங்கிய புதிதில் அது வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மணி நேரம், தில்லியைச் சுற்றி மட்டும் தெரிகிற சோதனை ஒளிபரப்பு. வானொலியின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது. 1965-இல் தினசரி ஆனது, 1972-இல் பம்பாய்க்குப் போனது, 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைக்கு வந்தது, 1976 ஏப்ரலில் வானொலியிலிருந்து பிரித்துத் தனித் துறை ஆக்கினார்கள். இவ்வளவு காலமும் ஒவ்வொரு நிலையமும் தனித் தீவு மாதிரி. சென்னை நிகழ்ச்சி சென்னைக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும்தான். எங்கள் பக்கத்து ஆட்கள் சென்னைக்குப் போய்வந்தால் டிவி பார்த்த கதை சொல்வார்கள், அவ்வளவுதான்.

எல்லாம் மாறியது செயற்கைக்கோளால்தான். 1982-இல் விட்ட இன்சாட்-1ஏ சில மாதத்தில் செயலிழந்துவிட்டது. 1983 ஆகஸ்டு கடைசியில் அமெரிக்க விண்ணோடம் சேலஞ்சரில் கொண்டுபோய்விட்ட இன்சாட்-1பி நின்று வேலை செய்தது. அதை நம்பி, மக்கள்தொகையில் 70 சதவீதம் பேருக்குப் படம் தெரிய வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார்கள். 1984-இல் சில மாதங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் என்ற வேகத்தில் நாடு முழுக்க வைத்துக்கொண்டே போனார்கள். பெரும்பாலானவை 100 வாட் சிறிய நிலையங்கள். ஒரு தட்டு ஆன்டெனா செயற்கைக்கோளிலிருந்து வாங்கும், பக்கத்தில் ஒரு கோபுரம் அதை ஊருக்குள் விடும். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. அதற்கு ஸ்டுடியோ வேண்டாம், நிகழ்ச்சி தயாரிக்கிற ஆள் வேண்டாம், நாலைந்து டெக்னீஷியன் போதும். அதனால்தான் அந்த வேகம்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும், யாரும் இதைச் சொல்வதில்லை. அந்தச் சிறிய நிலையங்கள் செயற்கைக்கோளிலிருந்து வாங்கியது தில்லி நிகழ்ச்சியை. சென்னை நிகழ்ச்சி அந்தத் தட்டில் வராது. ஆக, தமிழ்நாட்டில் பல ஊர்களில் மொட்டை மாடிக்கு வந்த முதல் தூர்தர்ஷன் இந்தி தூர்தர்ஷன்தான். நான் வேலை பார்த்த கடையில் ஒரு டயனோரா செட்டை வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்போம். சாயங்காலம் ரோட்டில் ஐம்பது அறுபது பேர் நிற்பார்கள். இந்திச் செய்தி வாசிக்கிறார்கள், ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் நகர மாட்டார்கள். படம் தெரிகிறதே, அதுவே பெரிய விஷயம்.

அதற்கு முன்னாலேயே எங்களுக்கு இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினி தெரியும். 1982 பிப்ரவரியில் தொடங்கியது. இலங்கையின் மிக உயரமான மலை பீதுருதாலகாலை, அதன் உச்சியில் டிரான்ஸ்மிட்டர். நடுவில் தடுக்க எதுவும் இல்லை, கடல்தான். வெயில் காலத்துச் சாயங்காலங்களில் கடல் மேல் சூடான காற்று படிந்து சிக்னலை அப்படியே தூக்கிக்கொண்டு வரும். தூத்துக்குடி, திருச்செந்தூர், ராமேஸ்வரம் பக்கமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும், எங்களுக்குத் திரையில் புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் ஈ பறக்கும். கிரிக்கெட் மேட்ச் என்றால் ஈ பறந்தாலும் சரி என்று பார்த்தார்கள்.

கொடைக்கானலில் அதிக சக்தி நிலையம் வந்த பிறகுதான் சென்னை நிகழ்ச்சி தென் மாவட்டங்களுக்கு ஒழுங்காக வந்தது. கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரம், அங்கிருந்து விட்டால் மதுரை, நெல்லை எல்லாம் பார்வையில் இருக்கிற தூரம். அதன்பிறகு எங்களுக்கு வேலை என்றால் அப்படி ஒரு வேலை. ஒரே கம்பத்தில் இரண்டு ஆன்டெனா கட்டுவோம், மேலே இருப்பது வடக்கே கொடைக்கானலைப் பார்த்து, கீழே இருப்பது தென்கிழக்கே இலங்கையைப் பார்த்து. கம்பத்தைப் பிடித்து நான் இஞ்சு இஞ்சாகத் திருப்புவேன். படிக்கட்டில் ஒரு பையன், வாசலில் ஒரு பையன், வீட்டுக்குள் அம்மா. "தெரியுதா?" என்று நான் கேட்பது மூன்று வாய் மாறி உள்ளே போகும், "இன்னும் கொஞ்சம்", "போதும் போதும்", "ஐயோ போயிடுச்சு" என்று மூன்று வாய் மாறித் திரும்பி வரும். காக்கா உட்கார்ந்து கம்பி வளைந்தால் மறுநாள் திரும்பவும் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னைத் தேடி வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று டாக்டரைத் தேடி வருவதுபோல் இருக்கும்.

மதுரை ராஜி:

வெள்ளிக்கிழமை என்று அண்ணன் எழுதியதும் எனக்கு அந்த நேரம் அப்படியே வந்துவிட்டது. பூங்குன்றன், உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன், "வேறு எதுவும் இல்லாததால்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்.

எங்கள் தெருவில் முதலில் டிவி வாங்கியது டீச்சர் வீடு. சாலிடேர் செட், மரப்பெட்டி, இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற கதவு, பூட்டுக்கூட உண்டு. ஒளியும் ஒலியும் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே நாங்கள் போய் உட்கார்ந்துவிடுவோம். டீச்சர் அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து கதவை இரண்டு பக்கமும் தள்ளி, திரையில் தூசி தட்டி, சுவிட்சைப் போட்டால் படம் வர முப்பது வினாடி ஆகும். முதலில் சத்தம் வரும், அப்புறம் நடுவில் ஒரு வெளிச்சம், அப்புறம்தான் முகம். அந்த முப்பது வினாடியில் அறையில் யாரும் மூச்சு விட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அரை மணி நேரத்தில் ஐந்தாறு பாட்டு. அடுத்த வெள்ளி வரை அதையே பேசுவோம். பாட்டு நடுவில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" போட்டுவிட்டால் அழுத பிள்ளைகள் உண்டு, நானும் அழுதிருக்கிறேன்.

ராமாயணம் வந்தது 1987 ஜனவரியில். ஞாயிறு காலை. எங்கள் அப்பத்தாவுக்கு இந்தி ஒரு எழுத்து தெரியாது. குளித்துவிட்டு, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, டிவி முன்னால் தரையில் உட்காருவார், பலகை போட்டாலும் உட்கார மாட்டார், சாமி முன்னால் என்ன பலகை என்பார். டீச்சர் அம்மா மொழிபெயர்த்துச் சொல்ல ஆரம்பித்தால் அப்பத்தா கையால் தடுத்துவிடுவார். கைகேயி வரம் கேட்கிற கட்டத்தில் அப்பத்தாவே எங்களுக்குக் கதை சொன்னார், திரையில் ஆள் வாயசைக்க அசைக்க இவர் தமிழில் அந்தப் பேச்சைப் பேசினார், பெரும்பாலும் பொருந்தியது. 78 வாரம் அப்படிப் பார்த்தார். 1988 ஜூலையில் முடிந்தபோது வடக்கே ஜலந்தரில் துப்புரவுத் தொழிலாளர்கள் தொடரை நீட்டிக்கச் சொல்லி வேலை நிறுத்தமே செய்தார்கள். மகாபாரதம் அக்டோபரில் தொடங்கி 94 வாரம். நான் சொல்ல வருவது, மொழி புரியாத ஒருவர் அவ்வளவு ஒன்றிப்போனதற்கு "வேறு சேனல் இல்லை" என்பது போதுமான காரணம் இல்லை. 2020 ஊரடங்கில் மார்ச் 28-லிருந்து அதையே திரும்பப் போட்டார்களே, அப்போது நூற்றுக்கணக்கான சேனலும் கையில் போனும் இருந்தும் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள்.

இன்னொன்று, ஞாயிறு மத்தியானம் மாநில மொழிப் படம். எந்த வாரம் தமிழ் வரும் என்று காத்திருப்போம், ஆனால் காத்திருந்த வாரங்களில் மலையாளம், வங்காளம், அசாமி, ஒரியா என்று எல்லாம் ஓடும். கீழே ஆங்கில எழுத்து. பாட்டு இல்லாத படம், மெதுவாக நடக்கிற படம். அசாமில் பெண்கள் எப்படித் தறி நெய்வார்கள் என்பதை மதுரைப் புதூரில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த மத்தியானங்களில்தான். இப்போது எனக்கு எத்தனையோ செயலிகள் இருக்கின்றன, தேடினால் கிடைக்கும், ஆனால் தேடாமலே ஒரு அசாமியப் படம் என் முன்னால் வந்து நிற்பதில்லை.

பேச்சிலும் அது புகுந்துவிட்டது. 90-களில் ஜுனூன் என்று ஒரு இந்தித் தொடரைத் தமிழில் பேசவைத்துப் போட்டார்கள். இந்தி நடிகரின் வாயசைவுக்கு ஏற்றபடி தமிழ் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பேசுவார்கள், வினைச்சொல் முன்னால் வந்து நிற்கும். இன்றைக்கும் யாராவது அப்படித் திருகிப் பேசினால் "ஜுனூன் தமிழ்" என்கிறோம். அந்தத் தொடரைப் பார்க்காத என் மகள்கூட அந்த வார்த்தையைச் சொல்கிறாள்.

கன்னிமாரா வாசகன்:

ராஜி அக்கா எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்க எனக்கு மனம் வரவில்லை, அப்பத்தா காட்சி அருமை. ஆனால் கேள்வி செல்வாக்கைப் பற்றியது என்பதால், செல்வாக்கு யார் கையில் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தூர்தர்ஷன் அப்போது அரசுத் துறை. அமைச்சகத்தின் கீழ் நேரடியாக. நெருக்கடி நிலைக் காலத்தில் அது எப்படி நடந்தது என்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். 1977 பிப்ரவரி 6, தில்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணும் ஜெகஜீவன் ராமும் பேசுகிற கூட்டம். அன்றைக்கு மாலை தூர்தர்ஷனில் போட இருந்த படத்தை மாற்றி, அப்போது எல்லோரும் பார்க்கத் துடித்த பாபி படத்தைப் போட்டார்கள், மக்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்று. கூட்டம் நிரம்பி வழிந்தது. தேர்தலில் அரசு தோற்றது. அதன்பிறகு வந்த ஜனதா அரசு வர்கீஸ் குழுவைப் போட்டது, குழு 1978-இல் "ஆகாஷ் பாரதி" என்று ஒரு தன்னாட்சி அமைப்பைப் பரிந்துரைத்தது, அதை யாரும் அந்த வடிவில் நிறைவேற்றவில்லை. வி.பி. சிங் ஆட்சியில் 1990-இல், வானொலிக்கும் தூர்தர்ஷனுக்கும் தன்னாட்சி தருகிற பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது எப்போது தெரியுமா? 1997-இல். ஏழு வருடம் ஒரு சட்டம் அலமாரியில் இருந்தது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது தன்னாட்சி கேட்டவர்கள் ஆட்சிக்கு வந்ததும் மறந்துவிட்டார்கள், இதில் கட்சி வித்தியாசமே கிடையாது.

அதனால்தான் அந்த வருடங்களில் தமிழ்நாட்டில் டிவி இருக்கிற வீட்டிலும் சிற்றலை ரேடியோ இருந்தது. பெரிய செய்தி ஏதாவது என்றால் ராத்திரி பிபிசி தமிழோசையைத் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். படத்துக்கு ஒரு பெட்டி, நம்பிக்கைக்கு ஒரு பெட்டி. செய்தி வாசித்தவர்களை இதில் குறை சொல்ல மாட்டேன். ஷோபனா ரவி, வரதராஜன் போன்றவர்களின் உச்சரிப்பைக் கேட்டுத் தமிழ் திருத்திக்கொண்ட தலைமுறை ஒன்று உண்டு, அதில் நானும் ஒருவன். ல, ள, ழ மூன்றும் மூன்றாகக் கேட்கும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. என் பதில் ஒரு கடிகார நேரம்: 8.40. சென்னை நிலையத்தில் மாலை முழுக்கத் தமிழ் ஓடும். வயலும் வாழ்வும், எதிரொலி, நாடகம், செய்தி. 8.40 ஆனால் தில்லி வந்துவிடும். 1982 ஆகஸ்ட் 15-இல் தேசிய நிகழ்ச்சி என்று ஒன்றைத் தொடங்கினார்கள், அதே நாளில்தான் வண்ண ஒளிபரப்பும், நவம்பர் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக. நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சி என்பது யோசனை. அந்த நிகழ்ச்சி இந்தியிலும் கொஞ்சம் ஆங்கிலத்திலும் இருக்கும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்து ஓய்வாக உட்காருகிற நேரம் எதுவோ அந்த நேரம் நம் மொழிக்கு இல்லை. 1984-இல் ஹம் லோக் என்ற இந்தித் தொடர் தொடங்கியது, 150-க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள், ஒவ்வொன்றின் கடைசியிலும் அசோக் குமார் வந்து இரண்டு வார்த்தை பேசுவார், வடக்கே ஒரு தலைமுறைக்கே அவர் வீட்டுத் தாத்தா. நமக்கு? 8.40-க்கு டிவியை அணைத்துவிட்டு எழுந்து போனோம். உங்கள் வட இந்திய நண்பர்கள் சொந்தக்காரரைப்போல் பேசுவதற்குக் காரணம், அவர்கள் வீட்டுக்கு அது அவர்கள் மொழியில் வந்தது. 1965-இல் மொழிக்காகத் தெருவில் இறங்கிய ஒரு மாநிலத்துக்கு 17 வருடம் கழித்து இப்படி ஒரு நேர ஒதுக்கீடு செய்தவர்கள் அதை யோசித்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியபோது ஆரம்பத்தில் சில மணி நேரம்தான் ஒளிபரப்பு என்றாலும், அது கொடுத்தது எளிமையான ஒன்று. 8.40-க்கு மேலும் தமிழ். பாட்டுக்கு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். 1991-இல் வளைகுடாப் போரை சிஎன்என் நேரடியாகக் காட்டியதிலிருந்தே ஊர் ஊராகத் தட்டு ஆன்டெனா வைத்துக் கேபிள் இழுக்கத் தொடங்கியிருந்தார்கள், ஸ்டார் அதே வருடம், ஜீ அடுத்த வருடம், ஆக ஒயர் வீட்டு வாசல் வரை வந்து காத்திருந்தது. வங்காள கிரிக்கெட் சங்கம் நடத்திய ஹீரோ கோப்பை கிரிக்கெட் ஒளிபரப்புத் தகராறு உச்ச நீதிமன்றம் வரை போய், 1995 பிப்ரவரியில் வானலைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று தீர்ப்பு வந்தது. அதற்கு முன்புவரை கிரிக்கெட்டை ஒளிபரப்ப வாரியம்தான் தூர்தர்ஷனுக்குப் பணம் கட்ட வேண்டும் என்கிற நிலை இருந்தது என்றால் இன்றைக்கு யாராவது நம்புவார்களா?

வடமராட்சி குமரன்:

நான் யாழ்ப்பாணத்துக்காரன், இப்போது கனடாவில் இருக்கிறேன். இந்தக் கதையில் எங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

மெக்கானிக் அண்ணை ரூபவாகினி பார்த்தது போலவே நாங்கள் தூர்தர்ஷன் பார்த்தோம். அவர் தென்கிழக்கே திருப்பினார், நாங்கள் மேற்கே திருப்பினோம். எங்கள் பக்கம் அன்ரெனாக் கம்பம் வீட்டை விட உயரம், தண்ணீர்க் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, பனை உயரத்துக்கு நிற்கும். பருத்தித்துறைக் கடற்கரையில் நின்று ஊரைத் திரும்பிப் பார்த்தால் பனையும் அன்ரெனாவும் கலந்துதான் தெரியும்.

கொழும்பைத் திருப்பினால் பெரும்பாலும் சிங்களம். இந்தியாவைத் திருப்பினால் பாதி நேரம் இந்தி. நடுவில் தமிழ் வருகிற நேரத்தைக் கடிகாரம் பார்த்துப் பிடிக்க வேண்டும். அதில் ஒளியும் ஒலியும் எங்களுக்கும் வெள்ளிக்கிழமைதான், ராஜி அக்கா சொன்ன அதே அமைதி எங்கள் விறாந்தையிலும் இருந்தது. எங்கள் அம்மம்மா வயலும் வாழ்வும் தவற விட மாட்டார். எங்களிடம் நெல் வயல் கிடையாது, வெங்காயமும் புகையிலையும்தான். ஆனாலும் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் நாற்று முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது அம்மம்மா தலையாட்டிக்கொண்டே கேட்பார்.

கறன்ட் நின்ற பிறகு ஒருவர் வீட்டில் கார் பற்றறியில் சின்னக் கறுப்பு வெள்ளை ரீவி போடுவார்கள். 1990-க்குப் பிறகு அதுவும் அரிதாகிப் போனது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அது. கன்னிமாரா வாசகன் சொல்வது சரிதான், 8.40 எங்களுக்கும் கதவு அடைக்கிற நேரம். ஆனால் அந்த நிலையத்தை அமைத்தவர்கள் எங்களை நினைத்து அமைக்கவில்லை. அப்படியிருந்தும் அது எங்களுக்கு வந்தது. எனக்கு முதன்முதலில் மதுரைக் கோபுரமும் மெரினாவும் அந்தத் திரையில்தான் தெரிந்தன. 2011-இல் மதுரைக்குப் போனபோது ஒரு தெருவில் நின்று எனக்கு முன்பே தெரிந்த இடம் என்று மனைவியிடம் சொன்னேன்.

மதுரை ராஜி:

குமரன் தம்பி, அடுத்த முறை மதுரை வந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். டீச்சர் அம்மா இருக்கிறார், 84 வயது.

கன்னிமாரா சார், 8.40 பற்றி நீங்கள் எழுதியதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் அதுதான் சாப்பாட்டு மணி. ஆனால் ஒன்று. அதன்பிறகு வந்த தமிழ்ச் சேனல்கள் 8.40-ஐ நமக்குத் திருப்பிக் கொடுத்தன, சரி. வயலும் வாழ்வும் போன்ற ஒன்றை அந்த நேரத்தில் யார் போட்டார்கள்? மாலை முழுக்க மாமியார் மருமகள் சண்டைதான். எதிரொலியில் பார்வையாளர் எழுதிய கடிதத்தை எடுத்து வைத்துப் படித்து, இந்த நிகழ்ச்சியில் இது சரியில்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்று நிலையத்தாரே வாசித்துப் பதில் சொன்னார்கள். நானும் ஒரு முறை கார்டு போட்டேன், வாசிக்கவில்லை, ஆனால் வாசிக்கக்கூடும் என்று நம்பி வாரா வாரம் உட்கார்ந்தேன். இன்றைக்கு எந்தச் சேனலுக்குக் கார்டு போடுவது?

கன்னிமாரா வாசகன்:

அதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா. அரசிடமிருந்து வானலையை மீட்டு மக்களிடம் கொடுக்க வேண்டும் என்றுதான் அந்தத் தீர்ப்பு சொன்னது, அது போய்ச் சேர்ந்தது விளம்பரதாரர்களிடமும் கட்சிக்காரர்களிடமும். என் கோபம் தூர்தர்ஷன் இருந்ததில் அல்ல. 1990-லேயே தன்னாட்சி கொடுத்து, 8.40-ஐ ஒவ்வொரு மாநிலத்துக்கும் விட்டிருந்தால் நமக்கு ஒரு நல்ல பொதுத் தொலைக்காட்சி கிடைத்திருக்கும் என்பதில்தான். சென்னைத் தூர்தர்ஷனுக்குப் பொதிகை என்று பெயர் வைத்து 24 மணி நேரத் தமிழ் ஆக்கியபோது பார்ப்பவர்கள் போய்விட்டார்கள். 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று மாற்றினார்கள். இன்றைக்கும் கர்நாடக சங்கீதக் கச்சேரியை நடுவில் வெட்டாமல் போடுகிற இடம் அதுதான், எங்கள் அம்மா அதற்காகவே வைத்திருக்கிறார்.

பூங்குன்றன்:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் இதை முழுக்க வாசித்துக் காட்டினேன். "தெரியுதா" என்று மூன்று வாய் மாறிப் போகிற இடம் வந்ததும், படிக்கட்டில் நின்ற பையன் தான்தான் என்றார், அவர் வீட்டு ஆன்டெனாவைச் சொல்கிறார். மெக்கானிக் ஐயா, அதைத் திரும்ப மாட்டினால் ஏதாவது தெரியுமா? அப்பாவுக்கு மாட்டிப் பார்க்க ஆசை.

கோவில்பட்டி மெக்கானிக்:

படம் தெரியாது தம்பி. பழைய தரைவழி ஒளிபரப்பைப் பெரும்பாலான இடங்களில் 2022-க்குள் நிறுத்திவிட்டார்கள். இப்போது தூர்தர்ஷன் வேண்டும் என்றால் டிடி ஃப்ரீ டிஷ், தட்டும் பெட்டியும் வாங்கினால் போதும், மாதச் சந்தா கிடையாது, வடக்கே கோடிக்கணக்கான ஏழை வீடுகளில் அதுதான் ஓடுகிறது.

ஆனால் அப்பாவுக்கு ஒரு விஷயம் சொல்ல முடியும். நீளவாக்கில் உள்ள குழாயில் குறுக்குக் கம்பிகள் ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் போகப் போகக் குட்டையாகவும் இருக்கும். நீளமானது பின்பக்கம், குட்டையானது நிலையத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் வளையமாக மடித்திருக்கும், அதில்தான் ஒயர் மாட்டுவோம். அந்த வளையத்தின் நீளத்தை டேப் வைத்து அளந்து போடுங்கள். எந்த நிலையத்துக்கு வெட்டிய ஆன்டெனா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். கொடைக்கானல் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார், உங்கள் தாத்தா கிரிக்கெட் பார்க்கிறவராக இருந்தால் அது ரூபவாகினி ஆன்டெனாவாகவும் இருக்கலாம். எந்த ஊர் என்றும் சொல்லுங்கள்.